வலப்பக்கப் பாயில் காகம்

என் பெயர் அச்சில் வந்தது ஒரேயொரு தடவை. சமய ஆராய்ச்சிக்கென்று கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு சஞ்சிகையில், பதினாறு பக்கக் கட்டுரையின் தலையில் அது இருந்தது. அந்தக் கட்டுரைக்கு இருபத்திரண்டு அடிக்குறிப்புகள். அவற்றில் பதினேழாவதை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதவேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்ட பிறகும் எழுதினேன்.

நான் முள்ளிவாய்க்காலை அடுத்த கடற்கரையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. கந்தோரில் தேவை வந்தால் அப்பா பெருவிரலை மையில் தோய்ப்பார். அம்மாவுக்கு அந்தத் தேவையும் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த உதவிப் பணத்தில் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்து விடுதிக்குப் போனேன். அங்கிருந்து மலைநாட்டிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த பற்றிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

அங்கே நான் எடுத்த பாடங்களில் ஒன்று கிறிஸ்தவ நாகரிகம். ஊரில் எங்களுக்கு வேதம் என்றால் மனப்பாடம் செய்த ஞானோபதேசமும், ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் சொல்லும் பிரசங்கமும்தான். வேதப் புத்தகம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. இருந்தாலும் ஆர் வாசிப்பது? பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் படிப்பித்தவர் ஒரு புரட்டஸ்தாந்துப் போதகர். மெலிந்த மனிதர், எந்நேரமும் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பார். சுவிசேஷத்தையும் மற்ற எழுத்தைப்போல வாசிக்கவேண்டும் என்பார். எழுதியவன் யார், யாருக்காக எழுதினான், எந்த மண்ணில் நின்று எழுதினான், எதை எழுதாமல் விட்டான் என்று கேட்கச் சொல்வார். முதல் தவணை முழுக்க இதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லவேண்டுமோ என்று யோசித்தேன். இரண்டாம் தவணையில் அந்த யோசனை போய்விட்டது. ஒரு வசனத்தைச் செதில் சீவி, வகிர்ந்து, முள்ளைத் தனியே எடுத்துவைக்கும் வேலை எனக்கு நன்றாக வந்தது.

கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பகுதியை எடுத்து நீண்ட கட்டுரை எழுதவேண்டும். நான் அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்தேன். சீடர்கள் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். படகின் வலப்பக்கம் வலையைப் போடுங்கள் என்கிறார். அவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று தெரியாமலே அவர்கள் போடுகிறார்கள். இழுக்க முடியாத அளவு மீன். கரைக்கு வந்தால் அங்கே ஏற்கனவே நெருப்பு மூட்டி மீன் சுட்டிருக்கிறது.

இந்தப் பகுதிக்கு நூலகத்தில் தடித்த விளக்க நூல்கள் இருந்தன. மீன்களின் எண்ணிக்கைக்கு என்ன பொருள், வலை கிழியாததற்கு என்ன பொருள், வலப்பக்கத்துக்கு என்ன பொருள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கரைவலைக் கயிறு பிடித்திருக்கமாட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கரையில் நிற்கும் ஒருவர் எப்படி மீனைக் கண்டார் என்பது எனக்கு அதிசயமே அல்ல. என் அப்பா அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எங்கள் கரையில் அந்த வேலைக்காரரை மண்டாடி என்பார்கள். வலையின் ஒரு கயிற்று முனை கரையில் இருக்கும். வள்ளம் மற்ற முனையோடு கடலுக்குள் போய், மீன் கூட்டத்தை வளைத்து வலையை இறக்கிக்கொண்டு திரும்பும். பிறகு இருபது பேர் இரண்டு பக்கமும் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். வள்ளத்தில் இருப்பவனுக்கு மீன் தெரியாது. அவன் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறான். மணல் மேட்டில் நிற்கும் மண்டாடிக்குத்தான் தெரியும். அவர் கையில் ஒரு வெள்ளைத் துணி. அது வலப்பக்கம் அசைந்தால் வள்ளம் வலப்பக்கம் வளையும். அது அசையாவிட்டால் ஒருவரும் அசைவதில்லை.

இதை எழுதினால் வெள்ளைக்காரர் எழுதாததை நான் எழுதியவளாவேன் என்று நினைத்தேன். அந்த ஆவணி விடுமுறைக்கு ஒரு புதுக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவை எங்கள் வலைக்காரரின் கொட்டிலான வாடியின் நிழலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். மீன் வரும்போது கடல் என்ன நிறம் என்றேன்.

"நிறம் ஒண்டில்லைப் பிள்ளை. சூடை வந்தா கறுக்கும், முகில் நிழல் விழுந்தமாதிரி. முகிலெண்டா ஓடிப்போகும். இது நிண்டு நிண்டு ஊரும். கீரி மீனெண்டா செம்மண் கரைச்சு ஊத்தினமாதிரி இருக்கும்."

"நேற்று என்ன நிறம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நேற்றும் அப்பிடித்தான்" என்றார்.

அன்று இரவு வீட்டில் சுவிசேஷக் கதையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். ஆண்டுதோறும் சுவாமியார் வலைகளுக்கு ஆசீர்வாதம் சொல்லி மந்திரிக்கும் நாளில் கேட்ட கதைதான். ஆனாலும் நான் சொல்கிறேன் என்பதற்காக இருவரும் புதிதாகக் கேட்பதுபோல் இருந்தார்கள். முடித்ததும் அப்பா கேட்டார்: "அவை வலை இழுத்து வரமுந்தியே கரையிலை மீன் சுட்டுக்கிடந்ததெண்டு சொல்லுறாய். அந்த மீன் எங்காலை வந்தது?"

அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னா: "மீனை விடுங்கோ. நெருப்பு மூட்டினது ஆர்? விடியக்காலமை ஈரக் காத்துக்கை ஆம்பிளை மூட்டின நெருப்பு எரிஞ்சதாய் நான் அறியேல்லை. அங்கை ஒருத்தி நிண்டிருப்பாள். எழுதினவன் அவளை விட்டிட்டான்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு கட்டுரையில் அந்த நெருப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அது என் சொந்தக் கருத்தாகவே அங்கே இருக்கிறது.

அடுத்த நாள் காலை வேலையை நேரில் பார்க்கக் கடற்கரைக்குப் போனேன். பெண்கள் இழுவைக் கயிற்றைக் கடக்கக்கூடாது. வலை தண்ணீரில் இருக்கும்போது கடலைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. திறந்தால் வலைக்குத் துடக்கு, தீட்டுப் பட்டுவிடும் என்பார்கள். ஆகவே அப்பா நின்ற மேட்டுக்குப் பின்னால், அம்மா கருவாடு காயவைக்கும் இடத்தில் நின்றேன். அம்மாவின் பனையோலைப் பாய்கள் மூன்று, வரிசையாக விரித்துக் கிடந்தன.

அப்பா துணியோடு கடலைப் பார்த்து நின்றார். வள்ளம் காத்துக்கொண்டிருந்தது. குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று நிமிர்ந்து கத்தினா:

"சூ! வலப்பக்கப் பாயிலை காகம்! சூ!"

நான் திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கப் பாயில் ஈ மட்டுமே இருந்தது. அப்பாவின் துணி வலப்பக்கம் எழுந்தது. கயிறு பிடித்து நின்ற ஒருவன் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"அக்கா, இந்தக் கரையிலை இருக்கிற காகத்துக்கெல்லாம் உங்கடை பாயிலைதானோ விருந்து?"

"உன்ரை பெண்சாதி காயவைச்ச மீனெண்டா காகமும் திரும்பிப் பாராது தம்பி. நீ கயிற்றைப் பிடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கடலைப் பார்த்தேன். வலப்பக்கம், வள்ளத்துக்கு அப்பால், முகில் இல்லாத வானத்தின் கீழ் ஒரு நிழல் நின்று நின்று ஊர்ந்தது.

அன்று மூன்று தடவை வலை வளைத்தார்கள். மூன்று தடவையும் காகம் வந்தது. ஒரு தடவை இடப்பக்கப் பாயில், இன்னொரு தடவை நடுப்பாயில். மூன்றாம் தடவை காகம் வரப் பிந்தியது. அப்பா அதுவரைக்கும் துணியைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காதைப் பின்னால் சாய்த்து நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மத்தியானம் குசினியில் அம்மாவோடு தனியே இருக்கும்போது கேட்டேன்: "அப்பாவுக்குக் கண் தெரியாதோ?"

அவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. "ஆர் சொன்னது?"

"நான் பார்த்தனான்."

"ரெண்டு வருசமாகுது. வலக்கண்ணிலை பூ விழுந்திட்டுது. இடக்கண்ணிலை வெளிச்சம் இருக்கு. கிட்ட நிக்கிற ஆளைத் தெரியும், தூரம் தெரியாது."

"ஆசுப்பத்திரிக்குப் போகேல்லையோ?"

"போனா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா அடுத்த நாள் அந்த மேட்டிலை வேறை ஆள். மேட்டிலை ஏறாட்டி அந்தாள் என்ன செய்யும்? இருந்த இருப்பிலை செத்துப்போகும்."

"உங்களுக்கு எப்பிடி மீன் தெரியும்?"

இதைக் கேட்டதும் அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருசமாய் அவருக்குப் பின்னாலை நிண்டு கருவாடு காயவைக்கிறன். அவர் பார்க்கிற கடலைத்தானே நானும் பார்க்கிறன். எனக்கென்ன முதுகிலையோ கண்?"

பிறகு என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "இதை உதிலை எழுதிப்போடாதை, மேனை."

"நான் எழுதுறது இங்கிலிசிலை அம்மா. இஞ்சை ஆர் வாசிக்கப்போகினம்?"

"ஆரோ வாசிப்பினம். வாசிக்கத்தானே எழுதுறது."

நான் சரி என்றேன். அவ அதை நம்பினா.

பல்கலைக்கழகம் திரும்பி, கட்டுரையை எழுதி முடித்தேன். கரையில் நிற்பவருக்கு மீன் தெரியும், வள்ளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கதை ஒரு மீன்பிடிக் கரையின் அன்றாட வழக்கத்திலிருந்து எழுந்தது. இதுதான் என் வாதம். அப்பா சொன்ன நிறங்கள், துணி, கயிறு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் விரிவுரையாளரான அந்தப் போதகர் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சுவிசேஷக் கதை நடந்த கலிலேயாவில் பயணம் செய்த வெள்ளைக்காரர் ஒருவர், அங்கும் கரையில் நின்று ஒருவன் மீனைக் காட்டிக்கொடுப்பதைக் கண்டு, என் வாதத்தை நான்கு வரியில் எழுதியிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே எழுதியிருந்தார்.

"உன்னுடையது என்று ஏதாவது இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். இரக்கமாகத்தான் கேட்டார். அந்த இரக்கம் எனக்குச் சுட்டது.

என்னுடையது என்று ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் எழுதினேன். இலங்கையின் வடபகுதிக் கரை ஒன்றில், துணி காட்டும் மனிதன் பார்வை இழந்தவன். மீனைக் காண்பவள் அவனுக்குப் பின்னால் கருவாடு காயவைக்கும் அவன் மனைவி. வலப்பக்கப் பாயில், இடப்பக்கப் பாயில் என்று இல்லாத காகத்தைத் துரத்துவதுபோல் அவள் திசை சொல்கிறாள். வலைக்காரருக்கு இது தெரியாது. சுவிசேஷம் எழுதியவனுக்கும் கரையிலிருந்து வந்த குரல் மட்டுமே தெரியும். அந்தக் குரலுக்குப் பின்னால் எவர் கண் இருந்தது என்பதை அவன் அறிந்திருக்க நியாயமில்லை. கல்லறை திறந்திருக்கக் கண்ட பெண்களின் சொல்லை ஆண்கள் வீண்கதை என்று தள்ளினார்கள் அல்லவா, அதையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று முடித்தேன். பதினேழாம் குறிப்பு. எட்டு வரி. ஊர்ப்பெயர் இல்லை, ஆள்பெயர் இல்லை. அதனால் வாக்கு மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டுரை திரும்பி வந்தபோது அந்தக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இதுதான் கட்டுரை." அன்று மாலை விடுதிக்கு ஏறும் செங்குத்துப் பாதையை நான் நடந்து ஏறியதாக ஞாபகமில்லை. அவரே அதைச் சஞ்சிகைக்கு அனுப்பினார். தவக்காலத்தில் அச்சாகி வந்தது. என் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை. ஆர் வாசிப்பது?

உயிர்ப்புத் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். திருநாளுக்கு அடுத்த புதன்கிழமைதான் எங்கள் கரையில் வலை மந்திரிப்பு. அதன்பிறகே அந்த ஆண்டுக்கான கரைவலை தொடங்கும். கோயிலுக்குப் புதிய சுவாமியார் வந்திருந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர். எல்லாவற்றையும் சனங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லவேண்டும் என்று துடிப்பவர். திங்கட்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உம்முடைய கட்டுரை வாசிச்சனான். சஞ்சிகை எனக்குத் தபாலிலை வாறது. எங்கடை பற்றுக்கே பெருமை. புதன்கிழமைப் பிரசங்கத்துக்கு நல்ல உதவி."

பதினேழாம் குறிப்பை வாசித்தீர்களா என்று கேட்க வாய் எடுத்தேன். வாசிக்காமல் விட்டிருந்தால், நான் கேட்டதால் திரும்பப் போய் வாசிப்பார் என்று பயந்தேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் புகழ்ந்தது எனக்கு இனித்தது. அந்தப் பேச்சைக் கெடுக்க மனம் வரவில்லை. "நன்றி சாமி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் ஒன்றும் செய்யவில்லை.

புதன்கிழமை காலை மணலில் வலைகளைக் குவித்து, வள்ளங்களின் முகப்பில் தென்னங்குருத்துக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் கடல் பக்கம், பெண்கள் பனைகளின் பக்கம். ஒவ்வொரு வலையிலும் மீன் வந்து சேரும் மடியை அந்தந்த மண்டாடி கையில் ஏந்தி நிற்பது வழக்கம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு எங்கள் வலையின் மடியை ஏந்தி நின்றார். சுவாமியார் சுவிசேஷத்தை வாசித்தார். கரையில் நின்றவர், வலப்பக்கம், நிறைந்த வலை. பிறகு பிரசங்கம்.

இந்த மண்ணின் பிள்ளை ஒருத்தி பெரிய சபையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று தொடங்கினார். தலைகள் என் பக்கம் திரும்பின. அந்தக் கணம் நான் நிமிர்ந்துதான் நின்றேன்.

"அந்தப் பிள்ளை எங்கேயோ ஒரு கரையில் கண்டதை எழுதியிருக்கிறா. கண் தெரியாத ஒரு மண்டாடி. அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. வலப்பக்கப் பாயில் காகம், இடப்பக்கப் பாயில் காகம் என்று அவ சொல்லச் சொல்ல, அவர் துணி காட்டுவாராம். அன்பு என்றால் இதுதான், சகோதரரே..."

அவருக்குத் தெரியாது. ஊருக்கு வந்து இரண்டு மாதம். அவர் வந்தபின் கரைவலை இன்னும் தொடங்கவில்லை. வேறெங்கோ நடந்தது என்றே நம்பியிருந்தார். ஆனால் அந்தக் கரையில் நின்ற இருநூறு பேரும் அம்மா காகம் துரத்தும் குரலை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டவர்கள். பக்கத்து வாடியின் வலைக்காரர் நின்ற பக்கத்திலிருந்து யாரோ மெல்ல "கா" என்றான். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சுவாமியார் தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

அம்மா முக்காட்டை நெற்றிக்கு இழுத்துக்கொண்டா. அப்பா மடியை ஏந்தியபடியே நின்றார். தீர்த்தம் தெளித்தபோது ஒரு துளி அவர் திறந்த கண்ணில் விழுந்தது. அவர் இமைக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் வலைக்காரர் மூவர் வந்து முற்றத்து மணலில் குந்தினார்கள். மூத்தவர் அம்மாவின் வழியில் எங்களுக்குச் சொந்தம். எனக்கு மாமா முறை.

"அண்ணை, உங்களிலை எங்களுக்குக் கோவமில்லை" என்றார்.

அப்பா கேட்டார்: "கண் இல்லாதவனை நம்பி வலை விட்டது பிழையோ, பொம்பிளை சொல்லி விட்டது பிழையோ? அதை மட்டும் சொல்லு தம்பி."

மாமா மணலில் கோடு கீறினார். "ரெண்டும்தான்."

"ரெண்டு வருசமும் மீன் பட்டதோ இல்லையோ?"

"பட்டது. படாமல் விட்டிருந்தா இவ்வளவு வெக்கமில்லை அண்ணை. பட்டபடியால்தான் பக்கத்து வாடியான் சிரிக்கிறான். ராத்திரி எங்கடை வாசலிலை வந்து, இண்டைக்கு எந்தப் பாயிலை காகம் எண்டு கேட்டிட்டுப் போறான்."

அப்பா உள்ளே போய் வெள்ளைத் துணியைத் தடவித் தேடினார். அம்மா எடுத்துக் கொடுத்தா. அவர் அதை நான்காக மடித்து மாமாவிடம் நீட்டினார். மாமா அதை வாங்கவில்லை. "புதிசு வைச்சிருக்கிறம்" என்றார்.

வலைக்குத் துடக்கு என்று அவர்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் திரும்ப மந்திரிக்கச் சொன்னார்களாம். ஏன் என்று சுவாமியார் கேட்டபோதுதான் கதை வெளியே வந்திருக்கிறது. அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா.

"அம்மா, எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரிஞ்சவையே சொல்லிப்போட்டினம் சாமி. தெரியாத நீங்கள் என்ன செய்வியள்?"

அம்மா என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மீனில் முள் எடுத்துவைக்க நான் கையை நீட்டியபோது, "விடு பிள்ளை, எனக்குக் கை தெரியும்" என்றார்.

நான் இப்போது நெளுக்குளத்தில் அறை எடுத்து, வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கடலில்லாத ஊர். சுற்றிவரக் குளமும் வயலும். விரிவுரையாளர் இரண்டு கடிதம் எழுதினார். அந்தக் குறிப்பை விரித்து மேற்படிப்புக்கு எழுதலாம், இடம் பெற்றுத் தருகிறேன் என்றார். நான் பதில் எழுதவில்லை. எழுதினால் வருகிறேன் என்றுதான் எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். அது நல்ல கட்டுரை. இன்றைக்கும் எடுத்து வாசித்தால் ஒரு சொல்லை மாற்றத் தோன்றவில்லை. அந்தக் குறிப்பில் உள்ளது உண்மை. அதை என்னைத் தவிர வேறெவரும் எழுதியிருக்க முடியாது. உண்மையை எழுதியதற்கு ஏன் இப்படி வெட்கப்படுகிறேன் என்று என்னையே கேட்கிறேன். அதை வாங்கிக்கொண்டு போனது என் அம்மாவின் குசினியிலிருந்து என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை.

அந்த உயிர்ப்புத் திருநாள் விடுமுறையில் நான் பஸ் ஏறுவதற்கு முதல் நாள் காலை, கடைசியாகக் கடற்கரைக்குப் போனேன். மேட்டில் மாமாவின் மருமகன் புதுத் துணியோடு நின்றான். கவிழ்த்துவைத்த ஒரு பழைய தோணியின் நிழலில் அப்பா இருந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையை மட்டும் கொடுத்திருந்தார்கள். அம்மா வழக்கமான இடத்தில் மூன்று பாய் விரித்திருந்தா. ஆனால் முன்போல் கடலைப் பார்த்து நிற்கவில்லை. முதுகு காட்டி, பனைகளைப் பார்த்து நின்று மீனைப் புரட்டினா.

நான் கடலைப் பார்த்தேன். வலப்பக்கம் தண்ணீர் கறுத்திருந்தது. முகில் இல்லை. நிழல் நின்று நின்று ஊர்ந்தது. எனக்கே தெரிந்தது. "அம்மா" என்றேன். அவ ஒரு தடவை தோளுக்கு மேலால் பார்த்தா. ஒரே ஒரு தடவை. பிறகு குனிந்துகொண்டா.

மேட்டில் துணி இடப்பக்கம் எழுந்தது. வள்ளம் இடப்பக்கம் போனது.

அப்போது ஒரு காகம் உண்மையாகவே வந்து வலப்பக்கப் பாயின் ஓரத்தில் இறங்கியது. அம்மா கண்டா. வாய் திறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த தடியை எடுத்துச் சத்தமில்லாமல் அசைத்தா. அது பறந்து, திரும்ப இறங்கியது. மறுபடி தடியை அசைத்தா. சிறகடிக்கும் சத்தம் கேட்டு அப்பா கயிற்றை விட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"காகமோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றா அம்மா.

காகம் ஒரு சூடையைக் கொத்திக்கொண்டு பனைப் பக்கம் போயிற்று. அப்பா சற்று நேரம் காதைச் சாய்த்தபடி இருந்தார். பிறகு கயிற்றின் பிரியைத் தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து முறுக்கத் தொடங்கினார்.